கூடாரத்துக்கு நாள் பார்த்தல்

கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பார்க்கவில்லை.
எனக்கு ஜோசியர் முக்கால் மணி நேரம்,
பல்கீசுக்கு அவள் மாமாவின் ஒரு போன்.
வீராணத்துக் கரையில் ஒரு ராத்திரி படுக்க
பத்து மாதம் நாள் பார்த்தோம்.

திருச்சியில் வாங்கிய கூடாரம்
பிரிக்காமல் கட்டிலுக்கடியில் கிடந்தது.
அட்டைப்பெட்டியில் ஒரு நீல மலை,
அடிவாரத்தில் சிரிக்கிற நாலு பேர்.
எங்கள் பக்கம் மலை ஏது?
உயரம் என்றால் கோபுரம்,
அதற்கடுத்து ஏரிக்கரை.

ஆனியில் மேட்டூர் திறந்தார்கள்.
அணைக்கரை தாண்டி வடவாற்றில் தண்ணீர் இறங்கியதும்
மதகு லஸ்கர் இளவழுதி
அளவுகோலைப் படம் பிடித்து அனுப்பத் தொடங்கினான்.
முப்பத்தொன்பது. நாற்பத்தொன்றரை.
அடியில் ஒரு வரி:
‘அக்கா, பேய்க்காத்து.’

ஆடிக்காற்றில் அம்மியே பறக்குமாம்.
எங்கள் கூடாரம் இரண்டே கால் கிலோ.

பெருக்கன்று கொஞ்சம் அடங்கியது காற்று.
அன்றைக்குப் பார்த்துக்
கரை முழுக்கப் புளியோதரை, ஸ்பீக்கர்,
சப்பரம் இழுக்கும் பிள்ளைகள்.
நாங்கள் கும்பகோணத்திலேயே இருந்துகொண்டோம்.

ஆவணியில் வானம் கூடிவந்தது,
டியூட்டி சார்ட் கூடவில்லை.
ஆடி போகட்டும் என்று தள்ளிவைத்த சிசேரியன்கள்
ஒரே வாரத்தில் வரிசை கட்டின.
குறித்த நேரம் தவறிவிடுமோ என்று
தியேட்டர் வாசலில் கடிகாரம் பார்த்த மாமியாரை
நான் முறைக்கவில்லை.
நானும் நாள் பார்க்கிறவள்தானே.

ஐப்பசி, கார்த்திகை:
டிவியில் மஞ்சள் என்றார்கள், ஆரஞ்சு என்றார்கள்.
அளவுகோல் நாற்பத்தேழைத் தொட்ட ராத்திரி
இளவழுதி படம் அனுப்பவில்லை.
மண்மூட்டையோடு கரையில் நின்றிருப்பான்.
காற்று எப்படி என்று கேட்கத்
தட்டச்சிட்டதை
அழித்தேன்.

தையில் பனி நன்றாக இருந்தது,
காணும் பொங்கலுக்கு வந்த வேன்கள்
அந்த வாரம் முழுக்கத் திரும்பவில்லை.
மாசியில் நோன்பு, முடியட்டும் என்றாள் பல்கீஸ்.

பங்குனியில் ஒரு செவ்வாய்.
செவ்வாயோ வெறுவாயோ என்று
ஊரே ஒதுக்கிய கிழமை எங்களுக்கு வாய்த்தது.
மழை பூஜ்யம். காற்று இரண்டு கிலோமீட்டர்.
கூட்டம்: ஒரு நாய்.
இளவழுதி தன் அதிகாரியிடம் கேட்டு,
கேட்டதை எங்களை மறந்துவிடச் சொன்னான்.

ஒன்பது நிமிடத்தில் நின்றுவிட்டது கூடாரம்.
லால்பேட்டைப் பரோட்டாவைப் பிரித்து
மதகுக் கட்டையில் உட்கார்ந்தோம்.
இஸ்திரி போட்ட துணிபோல ஏரி.
ஒரு மடிப்பு இல்லை.
பார்த்தாயா, என்றேன்.

ஏழேகாலுக்குக் கொசு வந்தது.

காற்றில்லாத நாளாகப்
பொறுக்கிப் பொறுக்கி எடுத்தோம் நாங்கள்.
அவையும் அதே நாளைத்தான்
பார்த்துக்கொண்டிருந்திருக்கின்றன.

வலைக்குள் நாங்கள் நுழையும்போது
கூடவே நுழைந்தன முப்பது நாற்பது.
நைலானுக்குள் சுருள் கொளுத்த முடியாது.
அடித்தேன், அடித்தேன், என் கன்னத்தையே அடித்தேன்.
‘எத்தனை பேருக்கு ஊசி போட்டிருக்கோம்,
பேசாம படு’ என்றாள் பல்கீஸ்.

பத்து மாதம் வேண்டாம் வேண்டாம் என்ற காற்றை
வந்து தொலையேன் என்று கூப்பிட்டேன்.
வாய்விட்டே.

இரண்டரைக்கு
முதலில் கோரை கேட்டது.
பிறகு கரைக்கல்லில் தண்ணீர்.
அப்புறம் பாசியும் மீனும் மணக்க
அக்கரையிலிருந்து, மேற்கிலிருந்து,
யாரோ விளக்கை அணைக்க ஊதுவதுபோல் மெல்ல.
கூடாரத்தின் வயிறு உப்பியது, தணிந்தது,
உப்பியது.
பழக்கதோஷம், எண்ணினேன்.
நிமிடத்துக்குப் பதினாறு.

நார்மல், என்றேன்.
பல்கீஸ் தூங்கியிருந்தாள்.
மூலையில் ஓர் ஆணி பிடுங்கிக்கொண்டு
துணி தட் தட்டென்று அடித்தது.
எழுந்து போய் அடித்திறக்க வேண்டும்.
போகவில்லை.